மொண்ணைப் பக்கம் மேலே

இரண்டு முட்டைகளை எடுத்துக் காதோரம் கொண்டுபோய், ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்ப்பது முட்டைக்காரியின் பழக்கம். நல்ல ஓடு என்றால் கிண்ணென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பொத்தென்று அமுங்கும். கீறல் முட்டையைக் குஞ்சு பொரிக்கும் மிஷினில் அடை வைத்தால் அழுகி வெடித்துப் பக்கத்து முட்டையையும் கெடுத்துவிடும். அதனால் தட்டாமல் ஒரு முட்டையும் உள்ளே போகாது.

பழக்கம் முட்டையோடு நிற்கவில்லை. கடையில் டம்ளர் வாங்கினாலும் இரண்டை எடுத்துத் தட்டுவாள். செங்கல் இறக்கினாலும் தட்டுவாள். மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சண்டை போட்டால் இருவர் மண்டையையும் பிடித்து நங்கென்று முட்டவைத்து, ரெண்டுமே கூமுட்டை என்று தீர்ப்பு சொல்லி அனுப்புவாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அந்த மகள்தான். வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியிருக்கும் இன்றைக்கும், புது டம்ளரைக் கண்டால் அவள் கை தானாகக் காதுக்குப் போகிறது. டம்ளரோடு நின்றுவிடுமா அந்தக் கை என்று அவளுக்கு ஒரு பயம் உண்டு.

ஏனென்றால் முட்டைக்காரிக்குக் கைதான் முதலில் பேசும். தீவனத்தில் உமி கலந்த கடைக்காரர் மேல் எடைக்கல்லை வீசியிருக்கிறாள். அவர் தலையைக் குனிந்ததால் பின்னால் இருந்த கடிகாரத்தோடு போயிற்று. சொல்லாமல் கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் ஏணியை எடுத்துப்போய் வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்த பிறகுதான் ஏணி திரும்பியது. புருஷன் போன பிறகு ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடக்க வேறு வழி தெரியவில்லை என்பாள். புருஷன் இருந்தபோதும் அப்படித்தான் என்று அவளுடைய தம்பி சொல்வார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவள் கை ஓங்கியதில்லை. வீட்டின் பின்கட்டில், ஜன்னலை அட்டை வைத்து அடைத்த மிஷின் அறை. அங்கே செருப்பு கூடாது, கதவை அறையக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது. அதிர்ந்தால் கரு கலைந்துவிடும். அடி வாங்கப்போகும் நேரத்தில் மகள் ஓடி ஒளிவது அந்த அறைக்குள்தான். அம்மா வாசலில் நின்று பல்லைக் கடித்து, "வெளிய வருவல்ல" என்று கிசுகிசுப்பாள். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்த மிஷின் அக்கா தம்பி இருவருக்கும் பொது. சூடு, விசிறி, வயரிங் எல்லாம் தம்பியின் பொறுப்பு. அடை வைப்பதும் பொரித்து எடுப்பதும் அக்காவின் பொறுப்பு. மகளுக்கு மாமாவான அவருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போக நினைத்தார். மிஷினை வாழைக்காய் மாதிரி நறுக்கவா என்று அக்கா கேட்டாள். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் மிஷின் நிறையக் குஞ்சு கேட்டிருந்தார். அந்த ஈடு முட்டை நன்றாகப் பொரிந்தால் மாமா தன் பங்கோடு போகலாம் என்று பேச்சு முடிந்தது.

பண்ணையிலிருந்து முட்டைகள் தவணை தவணையாக வந்ததால் முதலில் வந்தவை குளிர்ந்த அறையில் வெகுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படிக் காக்கவைக்கும் முட்டைகளைக் கூர்முனை மேலே இருக்கும்படி முட்டைக்காரி அடுக்குவாள். கரு ஓட்டில் ஒட்டாது. மிஷினுக்குள் போகும்போது மட்டும் திருப்பி, மொண்ணைப் பக்கத்தை மேலே கொண்டுவந்துவிடுவாள். காற்றறை அந்தப் பக்கம்தான். குஞ்சு அங்கேதான் மூக்கை நீட்டி முதல் மூச்சை எடுக்கும்.

அடை வைக்க வேண்டிய அன்று மாலை மறுபடியும் சண்டை வந்தது. மாமா தண்ணீர்த் தட்டைத் தூக்கித் தரையில் அடித்தார். அவள் விளக்குமாற்றை எடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் அவர் தோளைக் கடித்து, சட்டையோடு சதையும் வந்த பிறகுதான் விட்டாள். மகள் பரீட்சை முடிந்து வந்தபோது அம்மா ஈரத்துணி சுற்றிய கையோடு உட்கார்ந்திருந்தாள். முட்டைகள் மிஷினுக்குள் போயிருந்தன.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. மறுநாள் காலை மாமா வந்து விசிறியைச் சரிபார்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். கை வீங்கியிருந்ததால் இடையில் விளக்கு வைத்து முட்டைகளைப் பார்க்கும் வேலையை முட்டைக்காரி விட்டுவிட்டாள். கடைசியில் பொரிப்புக் கூடைகளில் முட்டைகளைப் படுக்கவைத்தபோதும், இடது கையால் இருட்டில் உருட்டித்தான் விட்டாள்.

பொரிக்க வேண்டிய காலையில் அறை அமைதியாக இருந்தது. கீச்சென்ற சத்தம் அங்கொன்று இங்கொன்று. நனைந்து, கழுத்து திரும்பி, எழ முடியாமல் கிடந்தவை கொஞ்சம். பிழைக்காது என்று தெரிந்தவற்றை அவள் கட்டைவிரலால் கழுத்தை நெரித்து வாளியில் போட்டாள். மீதி முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். முழுதாக வளர்ந்து, ரோமம் முளைத்துச் செத்துக் கிடந்தன. எல்லாவற்றின் அலகும் கூர்முனைப் பக்கம், மூச்சுக்கு வழியில்லாத ஓட்டில் மோதியபடி இருந்தது.

கூடைகளோடு வந்த பண்ணைக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பொரிக்கிற எடமா, பொதைக்கிற எடமா?" என்றார்.

கையில் இருந்த முட்டை அவர் நெற்றியில் உடைந்தது. நாற்றம் தெரு முழுக்கப் போயிற்று. அவர் ஓடின திசையிலேயே மாமா வந்துகொண்டிருந்தார், எத்தனை பொரிந்தது என்று பார்க்க.

"தலகீழா வெச்சிருக்கு," என்றாள் அவள். "எல்லாம் தலகீழா வெச்சிருக்கு."

"யாரு வெச்சா?"

"அடை வெச்ச மறுநாள் காலையில யாருடா உள்ள போனது?"

மாமா சிரித்துவிட்டார். அது நம்ப முடியாமல் வந்த சிரிப்பு என்று மகளுக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவளுக்கும் அது திமிராகத்தான் பட்டது. முட்டைக்காரி மிஷின் கதவின் தாழ்ப்பாள் கம்பியை உருவினாள். அந்த அறைக்குள்ளேயே, விசிறி ஓடிக்கொண்டிருக்க, அவர் வலது காதோடு சேர்த்து ஓங்கி அடித்தாள். அவர் கூடைகள் மேல் விழுந்தார். உடையாமல் இருந்த முட்டைகளும் அவருக்கு அடியில் உடைந்தன. இரண்டாவது அடிக்குக் கம்பி உயர்ந்தபோது மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அந்த அடி மிஷினில் விழுந்தது. காதிலிருந்து வழிந்த ரத்தமும் மஞ்சள் கருவும் சேர்ந்து தரையில் ஓடியதை மகள் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள் என்று கணக்கில்லை.

மாமாவுக்கு அந்தக் காது போயிற்று. பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் பங்கு எதுவும் கேட்காமல், கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த ஈடு பொரிந்தால் லாபம் அவருக்குத்தானே, தன் விடுதலையைத் தானே ஒருவர் கெடுப்பாரா என்று மகள் யோசித்ததெல்லாம் பிறகுதான். இத்தனை படித்தும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, காத்திருந்த முட்டைகளை அடை வைக்கும் ஒரு நாள். முட்டைத் தட்டின் மேல் காலித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். மொண்ணைப் பக்கம் மேலே வந்துவிடும். அம்மா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடித்தார்கள். பாதி திருப்பத்தில் அம்மாவின் கை நின்றது.

"அன்னைக்கு இந்தப் பக்கம் யாரு புடிச்சா?"

மகளுக்குப் புரியவில்லை. "என்னைக்கும்மா?"

"கை முறுக்கிக் கெடந்துச்சே. ஒத்தக் கையால இதப் பொரட்ட முடியாது." தட்டைக் கீழே வைத்தாள். தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரும் புடிக்கல. நான் பொரட்டவே இல்ல. கோவத்துல அப்படியே உள்ள தள்ளிட்டேன்."

தாழ்ப்பாள் கம்பியை உருவிக்கொண்டு அவள் தெருவில் இறங்கியபோது, இன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று ஜனம் ஒதுங்கியது. காயில் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கம்பியைத் தம்பியின் மடியில் போட்டாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கூந்தலை ஒதுக்கித் தன் வலது காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"அடி."

மாமா அவள் காதைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத்தான் பார்த்தார். பிறகு கம்பியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"உன்கிட்டயே இருக்கட்டும்க்கா. இப்ப வாங்கிக்கிட்டா எனக்கும் உனக்கும் நடுவுல ஒண்ணும் இல்லாமப் போயிடும்."

"அடிடான்னா அடிக்கணும்," என்று அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள் முட்டைக்காரி. கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இப்ப ரெண்டாச்சு."

அதன் பிறகு அவர் மறுபடியும் வீட்டுக்கு வந்து போனார். விசிறியைப் பார்த்தார், வயரை மாற்றினார். சாப்பிட உட்காரும்போது மட்டும் செவிட்டுக் காதை அக்கா பக்கம் வைத்து உட்காருவார். அவள் திட்டுவதெல்லாம் அந்தச் சுவரில் மோதி விழும். அவள் ஒவ்வொரு முறையும் கம்பியைக் கொண்டுவந்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கம்பியைத் தாண்டிப் போவார். அது பெருந்தன்மையா? அல்லது முதலில் முறுக்கிய கை தன்னுடையது என்று தெரிந்ததால், கணக்கைத் திறக்கப் பயந்தாரா? மகள் கேட்டதில்லை. தெருவில் முட்டைக்காரி தொடர்ந்து அடித்தாள், உடைத்தாள். தம்பி மேல் மட்டும் பிறகு கை வைக்கவில்லை.

அவள் இறந்துபோன அன்று மிஷினில் ஓர் ஈடு இருந்தது. உறவுக்காரர்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் நெஞ்சு வேகாது, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, ரெண்டு அடியையும் தள்ளிவிடு என்றார்கள்.

"தள்ளல்லாம் முடியாது," என்றார் மாமா. "அவ எனக்குப் பாக்கி குடுக்கணும்."

மேற்கொண்டு அவர்கள் பேச ஆரம்பித்தபோது செவிட்டுக் காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். செருப்பை வெளியே விட்டார். மிஷின் கதவில் நல்ல காதை வைத்துக் கேட்டார். உள்ளே எதுவோ முட்டை ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. கம்பி தாழ்ப்பாளில்தான் இருந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவர் அதைத் தொடவில்லை.