இல்லாத பேரனுக்கு ஒரு டிக்கெட்

இல்லாத பேரனுக்கு சினிமா டிக்கெட் எடுத்த ஒரே முட்டாள் இந்த வடசென்னையில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் பாப்கார்னோடு.

கன்டெய்னர் யார்டில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்ந்தவன் நான். திருவொற்றியூரில் வீடு. மனைவி போய் மூன்று வருஷம். ஒரே மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவியும் மிக்சியும்தான். மிக்சி கொஞ்சம் பரவாயில்லை, நான் சொன்னால்தான் கத்தும்.

போன மாசம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு போஸ்டர். கார்ட்டூன் கழுதைக்குட்டி ஒன்று காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. எனக்கும் அதைப் பார்க்கணும்போல இருந்தது. ஆனால் எங்கள் டீக்கடையில் நான் யார்? எந்தப் படம் வந்தாலும் தீர்ப்பு சொல்கிற ஜட்ஜு. "வெட்டுகுத்து இல்லாத படத்தை எவன் பாப்பான்? அதெல்லாம் பால் டப்பா சமாச்சாரம்" என்று வருஷக்கணக்காக முழங்கிய வாய் இது. விஷயம் தெரிந்தால், "இன்னா மாமு, பால் பாட்டில் எடுத்துகினு போனியா?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அதனால் மெட்ரோ ஏறி, தெரிந்த முகம் வராத தியேட்டராகப் பார்த்து, காலைக் காட்சிக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண், "சார், இது குழந்தைங்க படம்" என்றாள். பாவம், உதவியாகத்தான் சொன்னாள். எனக்கு நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"தெரியும்மா. பேரன் பின்னாடி வந்துகினு இருக்கான். ரெண்டு குடு."

பக்கத்து சீட்டில் பாப்கார்னை உட்காரவைத்தேன். அதற்கு அடுத்த சீட்டில் ஆறு வயசுப் பாப்பா ஒன்று, அம்மாவோடு.

"இங்க யாரு தாத்தா?"

"என் பேரன்."

"எங்க?"

"பாத்ரூம் போயிருக்கான்."

படத்தில் ஒரு அப்பா கழுதை. பந்தயக் குதிரைகளுக்கு நடுவில் தானும் குதிரை என்று சொல்லிக்கொண்டு திரியும். குட்டி "அப்பா" என்று ஓடிவந்தால், "யாரிது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு ஒன்பது வயசிருக்கும்போது ஒரு கரடிக்குட்டி படத்துக்குக் கூட்டிப்போனேன். தாய்க்கரடி காணாமல் போன இடத்தில் எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. முன் வரிசையில் யார்டு தோஸ்து ஒருத்தன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்தேன். நாலு வரிசைக்குக் கேட்கும் குறட்டை. வெளியே வந்ததும் மகள், அழுது சிவந்த கண்ணோடு, "புடிச்சிதா நைனா?" என்றாள். தோஸ்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட, அதெல்லாம் சின்னப் பசங்க பாக்கறது" என்றேன்.

அவன் சிரித்தான். அவள் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. தொல்லை விட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். குழந்தைகள் படத்தைத் திட்டுகிற பெரிய மனுஷனை நம்பாதீர்கள். பாதிப் பேர் அழுதுவிடுவோமோ என்று பயந்து திட்டுகிறவர்கள். மீதிப் பேர் அழுதுவிட்டுத் திட்டுகிறவர்கள்.

இதற்குள் பக்கத்துப் பாப்பா, "அம்மா, தாத்தாவோட பேரன் இன்னும் வரவேயில்ல" என்று போட்டுக்கொடுத்துவிட்டது. அந்த அம்மா பதறிப்போனார். "என்ன பெரியவரே, படம் முடியப்போவுது! முதல்ல போய்ப் பாருங்க. இல்லன்னா நான் ஆளைக் கூப்பிடறேன்."

எழுந்து போனேன். இல்லாத பையனைத் தேடிக்கொண்டு பாத்ரூமில் பத்து நிமிஷம் நின்றேன். கண்ணாடியில் ஒரு நரைத்த மீசைக்காரன், 3டி கண்ணாடியைக்கூடக் கழற்றாமல். உள்ளே தியேட்டர் முழுக்கக் கைதட்டல் கேட்டது.

திரும்பி வந்து, "அவங்கம்மா வந்து கூட்டிகினு போயிட்டா" என்றேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பாப்பா, கடைசில இன்னா ஆச்சு?"

"அப்பா கழுதை எல்லாக் குதிரைங்க முன்னாடியும் 'இவன் என் புள்ள'ன்னு சொல்லிடுச்சு. சூப்பரா இருந்துச்சு. நீங்கதான் பாக்கல."

பாப்கார்னை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டேன். எங்கள் பேச்சு எப்போதும் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். ரெண்டு டிக்கெட், பாத்ரூம், அந்தக் காலத்துக் குறட்டை பொய் என்பது வரைக்கும்.  அவள் பக்கம் ஆபீஸ் சத்தம் கேட்டது.

"நான் பாக்காத சீன் ஒண்ணு கீதும்மா. ஞாயித்துக்கெழமை வாயேன், ரெண்டு பேரும் போலாம்."



"அதெல்லாம் சின்னப் பசங்க பாக்கறது நைனா."