முற்றத்தில் வந்த பெயர் தெரியாத புல்

என் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலையும் இரும்பையுமே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். வீடு கட்டி முடித்ததும், முன்பக்கம் கொஞ்சம் புல்தரை வேண்டும் என்று ஆசைப்பட்டார். நர்சரியில் சொல்லி, பாய் பாயாகப் புல் வாங்கிப் பதித்தோம். அவர் கப்பலேறிவிட்டார். தண்ணீர் விடுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் நான் வேலை பார்க்கிறேன். காலையில் மாமியாருக்கு இன்சுலின் போட்டு, இட்லி கொடுத்து, மோட்டாரைப் போட்டுப் புல்லை நனைத்துவிட்டு ஓடினால், திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். புல்லை நின்று பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை.

அடுத்த கோடையில்தான் கவனித்தேன். ஓரத்தில் வேறொரு புல். சாம்பல் பூத்த பச்சை. குட்டையான, விறைத்த இலை. தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. கோரையோ என்று தண்டை விரலில் உருட்டிப் பார்த்தேன். கோரைக்கு மூன்று பட்டை இருக்கும். இது உருண்டையாக இருந்தது. அறுகம்புல் இத்தனை விறைப்பாக இருக்காது. போனில் படம் பிடித்துத் தேடினால், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் சொன்னது. நர்சரிக்காரர் களை என்று மருந்து கொடுத்தார். அதை அடித்ததில் பதித்த புல்தான் வெளுத்தது.

வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன்.

“அது என்னளா புல்லு? பிடுங்கிப் போட வேண்டியதுதான?”

“ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிட்டு வந்து அதத்தான் பிடுங்குதேன். இடுப்பு விட்டுப் போச்சுங்க.”

“ஆள வச்சிப் பிடுங்கு.”

“ஆளு வந்தா நானும்லா கூட நிக்கணும்.”

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

புன்னைக்காயலில் அவருடைய அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வீட்டுக்குப் பின்னால் போனேன். கழிமுகத்து ஓரம், வலை காயப்போட்டிருந்த இடத்தில், அதே புல் விரிந்து கிடந்தது. அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“என்னளா, எதும் தொலச்சிட்டியா?” என்று மதினி பின்னால் வந்தார்.

“இல்ல மதினி. இந்தப் புல்லு எங்க வீட்டுல நிக்கி.”

“உங்க வீட்டுலயா? இது உப்புத் தரையிலல்லா வரும்.”

“பேரு என்ன?”

“யாருக்குத் தெரியும்? நாங்க உப்புப் புல்லுன்னு சொல்லுவோம்.”

மறுநாள் காலையில் ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். இலைகளில் வெள்ளையாகப் பொடி. தெருத் தூசி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஹோஸ் தண்ணீரை ஒரு வாய் பிடித்துப் பார்த்தேன். அதுவும் உப்பு.

குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். அதனால் வீட்டு போர்வெல் தண்ணீர் கெட்டது நாக்குக்குத் தெரியவில்லை. துணி துவைக்கும்போது நுரை வரவில்லையென்று சோப்பை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். தினமும் ஓட்டத்துக்கு நடுவே நான் ஊற்றியது உப்புத் தண்ணீர். அதில் பதித்த புல் செத்தது, கடலோரத்துப் புல் பிழைத்தது. கோபம்கூட வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஆபீஸுக்குப் பிந்தித்தான் போனேன்.

அன்று அவர் கூப்பிட்டபோது சொன்னேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

“போர் போட்டப்ப நல்ல தண்ணியால்லா இருந்துது?”

“இருந்துது.”

“இன்னும் ஆழமாப் போட்டா?”

“அதுவும் உப்பாத்தான் வரும்னு சொல்லுதாவ.”

“சரி, இனிமே பிடுங்காத. அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

அந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அவர் லீவில் வந்தபோது முற்றம் முழுக்க அந்தப் புல்தான். சாயங்காலம் அதன்மேல் இரண்டு நாற்காலி போட்டோம். உள்ளேயிருந்து மாமியார் காப்பி கேட்டார். நான் எழுந்திரிக்கப் போனேன்.

“நீ இரி,” என்று அவர் உள்ளே போனார்.

எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்திருக்கிறார். அதற்குள் நான் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தேன்.