அம்மா வெட்டி எடுத்த கோடுகள்

அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் ஓட்டையில்லாத பாக்கெட் ஒன்றுகூடக் கிடையாது. டீத்தூள், உப்பு, மிளகாய்த்தூள், பிஸ்கட் எல்லாவற்றிலும் நீள்சதுரமாக ஒரு ஓட்டை, அதன்மேல் செலோ டேப். டேப் ஒட்டாத இடுக்கு வழியாக பிஸ்கட்டுக்குள் எறும்பு குடியேறியது. உப்பு தண்ணீர் விட்டது. வெட்டப்பட்ட இடத்தில் எல்லாம் முன்பு பார்கோடு இருந்தது. அதற்குள் பைபிள் சொல்கிற மிருகத்தின் இலக்கமான 666 ஒளிந்திருக்கிறது, அதோடு சேர்ந்தவர்களுக்குப் பரலோகம் கிடையாது என்று அம்மா நம்பினாள். இத்தனைக்கும் அம்மா கணக்கு டீச்சர்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எங்கள் ஊரான சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிக்கும் நோட்டு அட்டைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் வேலை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அந்த அச்சகத்திலேயே ஏ.சி. போட்ட அறை எங்களுடையது ஒன்றுதான். வெயிலுக்குப் பெயர்போன ஊரில் ஸ்வெட்டர் போட்டு வேலை பார்க்கிற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று, ஜிப் வைத்த உறையோடு கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரியில் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம். பிரசங்கம் பண்ண வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். மத்தியானம் எங்கள் வீட்டில் கோழிக்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மேடை ஏறினார். "சபைக்கு இது ஒரு புதிய காலம். வஞ்சகமும் புது வேஷத்தில்தான் வரும்" என்று ஒரு சோப்பு உறையைத் தூக்கிக் காட்டினார். பார்கோட்டில் முதலில் நீளமாக இரண்டு கோடு, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு. பார்கோட்டில் ஆறாம் எண்ணுக்கும் இதே மாதிரி இரண்டு மெல்லிய கோடுதானாம்; அதனால் ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஆறு. "ஆறு! ஆறு! ஆறு!" என்று அவர் மைக்கில் கத்தியபோது தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் முழித்துக்கொண்டன. அம்மா நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கோடுகளைப் பெட்டிகளில் வைப்பதுதான் என் வேலை என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தரிக்கோலை எடுத்தவள்தான். முதலில் போனது மத்தியானக் குழம்புக்குப் போட்ட மசாலா பாக்கெட். ஊழியக்காரர் அதைச் சாப்பிட்டுவிட்டாரே என்று அவருக்காகவும் ஒரு ஜெபம் பண்ணினாள்.

"அது ஆறு இல்லம்மா. இங்கன ஆரம்பம், இங்கன முடிவுன்னு மெஷினுக்குக் காட்டுற கோடு" என்றேன்.

"வஞ்சிக்கப்பட்டவளுக்கு, தான் வஞ்சிக்கப்பட்டது தெரியுமா? தெரிஞ்சா அதுக்குப் பேரு வஞ்சகமா?"

எங்கள் போதகரும் சொல்லிப் பார்த்தார். "டீச்சர், சோப்பை நல்லாத் தேய்ச்சுக் குளிங்க. உறையை ஆண்டவர் பார்த்துக்கிடுவார்" என்றார். போதகருக்கும் சேர்த்து அம்மா உபவாசம் இருக்க ஆரம்பித்தாள்.

விருதுநகரில் பள்ளிக்கூடம் முடிந்து சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். ஒரு நாள் டிக்கெட் எண் 666 என்று முடிந்ததாம். நடுவழியில் ஆமத்தூர் வந்ததும் விசிலுக்குக்கூடக் காத்திராமல் இறங்கிவிட்டாள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "டீச்சர், டிக்கெட்டை நானா அச்சடிச்சேன்? உங்க ஊருலதான அடிக்கிறாக!" என்று கேட்டிருக்கிறார். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்று, கால் வீங்கி வந்தவள், கண்டக்டர் சொன்னதையே பிடித்துக்கொண்டாள். "பார்த்தியா, எல்லாம் இங்கனருந்துதான் கிளம்புது. நீ அந்த வேலைக்கு இனிமே போக வேண்டாம்."

எனக்கு உலகமே இடிந்துவிட்டது. சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். நான் பட்டினி கிடந்ததை அம்மா உபவாசக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் அவளே வாசகம் சொல்லச் சொல்ல, ராஜினாமாக் கடிதத்தை மைப் பேனாவில் எழுதினேன். எழுதும்போது அழுதேன். அவள் இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதுவரை ஜெபத்தில் இருக்கட்டும் என்று கடிதத்தைப் பைபிள் உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

இடையில் வந்தது சனிக்கிழமை. வெட்டிய பார்கோடுகளைக் குப்பையில் போட்டால் யார் காலிலாவது ஒட்டிக்கொண்டு போகும் என்று ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். டப்பாவைப் பின்வாசலில் வைத்து, பக்கத்து நாற்காலியில் பைபிளை வைத்து, ஜெபித்துவிட்டுத் தீ வைத்தாள். எல்லாம் பிளாஸ்டிக். கரும்புகை குபுகுபுவென்று எழும்பியது.

வேறு ஊராக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஊரில் கருகல் வாடை வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். "டீச்சர் வீட்டுல தீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் பின்வாசலுக்கு வந்துவிட்டது. யார் யார் எதை ஊற்றினார்கள் என்று தெரியவில்லை. டப்பாமேல் ஒரு குடம் விழுந்தது. மிச்சமெல்லாம் அம்மா மேலும் நாற்காலி மேலும்.

"எங்கன டீச்சர் வெடிச்சது?"

"ஒண்ணும் வெடிக்கல. சோப்பு உறையை எரிச்சேன்" என்றாள் அம்மா, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட.

"சோப்பு உறையவா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காலிக் குடங்களோடு கலைந்து போனார்கள். அக்கா மட்டும் நின்றாள். அம்மா பாக்கெட்டுகளில் கோட்டை வெட்டுவதை அவள் பார்த்திருக்கிறாளே தவிர, ஏன் என்று அவளுக்குத் தெரியாது. "அய்யோ, உங்க சாமி புத்தகம் நனைஞ்சு போச்சே" என்று பைபிளை எடுத்து, உறையைக் கழற்றி, முந்தானையால் பதமாகத் துடைத்தாள். முன்பக்கம் துடைத்துவிட்டுத் திருப்பினாள்.

"டீச்சர், நீங்க வெட்டுற கோடு இதுலயும் இருக்கு. கத்தரிய எடுத்துட்டு வரவா?"

பின்னட்டையின் கீழ் மூலையில், கறுப்பும் வெள்ளையுமாக, அளவெடுத்தாற்போல் ஒரு பார்கோடு. நாளெல்லாம் அதையே பெட்டியில் வைக்கிற நான்கூடக் கடையில் பார்க்கவில்லை. உறையோடு தந்தார்கள், உறையோடு வாங்கினேன். அம்மா ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வாரமா இதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான அந்தக் கோட்டுக்கு விரோதமா ஜெபம் பண்ணினேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

"உங்க அப்பா முன்னாடியே போயிட்டாரு. நான் அங்கன போகையில, புள்ள எங்கன்னு அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? அந்தப் பயம்தான். அந்த மனுசன் ஆறு ஆறுன்னு கத்துனதும், எதையும் யோசிக்காம அந்தப் பயத்துக்குக் கதவைத் திறந்து விட்டுட்டேன்."

மூன்று வாரமாக அவள்மேல் இருந்த கோபம் அத்தனையும் அந்த இடத்திலேயே கரைந்தது. உறைக்குள் இருந்த கடிதமும் மை கரைந்து நீலக் கூழாகிவிட்டிருந்தது. வேறு எழுத வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் டிபன் டப்பாவை நீட்டினாள். கூடவே, ஓட்டையில்லாத ஒரு புது பிஸ்கட் பாக்கெட். வாசல் வரை வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க கம்பெனிக்குப் பைபிள் அட்டை ஆர்டர் எதுவும் வந்தா, அந்தக் கோட்டை மட்டும் கொஞ்சம் சின்னதா வச்சிரு, என்ன?"

சரிம்மா என்றேன். ரொம்பச் சின்னதாக வைத்தால் மெஷின் படிக்காது என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.