சோதனைக்கு இரண்டு லிட்டர்

நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவன். பொருள் செய்வது என் வேலை இல்லை. செய்கிறவர்கள் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதைச் செய்துவருவதால், எழுதிக் கொடுத்தாலே வேலை பாதி முடிந்துவிட்டது என்று நம்பும் அளவுக்கு முற்றிப்போயிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு டீசல் கார் இருக்கிறது. புது டீசல் வண்டிகளுக்கு டீசல் மட்டும் போதாது. புகையைச் சுத்தப்படுத்த இன்னொரு திரவமும் ஊற்ற வேண்டும். லாரிக்காரர்கள் அதை யூரியா என்கிறார்கள். யூரியா கலந்த தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. டீசல் ஊற்றும் கறுப்பு மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. தாளிக்கத் தெரிந்தவர்கள் யாரும் செய்துவிடலாம்.

யூரியா குறைந்தால் வண்டி முன்கூட்டியே சொல்லும். இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடுவேன், அதற்குள் ஊற்று, இல்லையென்றால் நிறுத்தியபின் மறுபடி கிளம்ப மாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டும். எனக்கு முதல்முறை எழுதிக் காட்டியபோது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது. சர்வீஸ் சென்டரில் ஊற்றித் தருகிறோம் என்றார்கள். அவர்களிடம் எழுதப்பட்ட செயல்முறை இருக்கிறதா என்று கேட்டேன். மூடியைத் திறந்து ஊற்றுவோம் சார் என்றார் போனில் பேசியவர். அப்போதே முடிவு செய்தேன், நானே ஊற்றுவது என்று.

பத்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் வைக்கவும் என்று அதன்மேல் போட்டிருந்தது. ஹைதராபாத் ஏப்ரலில் எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஒரே இடம் சமையலறை மேடைக்குக் கீழே அரிசி டிரம் இருந்த மூலை. டிரம்மை நகர்த்தி ஹாலில் வைத்துவிட்டுக் கேனை அங்கே வைத்தேன். மூன்று வாரம் என் மனைவி ஹாலுக்கு வந்து அரிசி அளந்துகொண்டு போனாள். நான் அந்த மூன்று வாரமும் செயல்முறை எழுதினேன்.

இரண்டு பக்கம், பதினோரு படிகள். நீல மூடியைத் திறக்கவும், கறுப்பு மூடியைத் திறக்க வேண்டாம் என்பது மூன்றாவது படி. முதலில் சோதனைக்காக இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, விளைவைக் கவனித்தபின் மிச்சத்தை ஊற்றவும் என்பது ஏழாவது படி. அந்த ஏழாவது படியில் எனக்குத் தனிப் பெருமை. கடைசியில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டு, மூன்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன். வண்டிக் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் படித்தேனா என்று கேட்பீர்கள். நான் செயல்முறை எழுதுகிறவன், அடுத்தவன் எழுதியதைப் படிக்கிற பழக்கம் இல்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி திருச்சியில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவள். எனக்கு இங்கே மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தாள். மகளின் பள்ளி, என் ஷிஃப்ட், என் அம்மாவின் முழங்கால் வலி என்று பதினான்கு வருடம் போய்விட்டது. மகள் இப்போது புனேயில் படிக்கிறாள். அமீர்பேட்டில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு இடத்துக்கு இவள் எழுதிப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மாதிரி வகுப்பு எடுக்க வரச் சொல்லிவிட்டார்கள். நன்றாக எடுத்தால் வேலை. எடுக்காவிட்டால், இந்த வயதில் இன்னொரு இடம் கூப்பிடும் என்று அவள் நம்பவில்லை.

ஒரு வாரமாக அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரிக் கண்ணாடிக்குச் சதவீதக் கணக்கு நடத்தினாள். மியாப்பூர் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, நேரே அமீர்பேட் என்று வழியும் பார்த்து வைத்திருந்தாள். நான்தான் கேட்கவில்லை.

“மெட்ரோல நசுங்கிப் போய் இறங்கினா புடவை என்னத்துக்கு ஆகும்? நான் லீவு போட்டுட்டேன். நானே கொண்டு விடுறேன்” என்றேன்.

“வண்டியில ஏதோ எழுத்து வருதே” என்றாள்.

“அதுக்குத்தான் செயல்முறை இருக்கே” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திரையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் பாக்கி இருந்தது. அதை நான் போவன்பள்ளி மொத்தச் சந்தைக்குப் போய் ஒரு மூட்டை வெங்காயம் வாங்குவதற்குச் செலவழித்தேன். நாங்கள் வீட்டில் இரண்டு பேர். எதற்கு ஒரு மூட்டை வெங்காயம் என்று என்னைக் கேட்காதீர்கள். அடுக்ககத்துக்குள் நுழைந்து வண்டியை நிறுத்தும்போது பூஜ்ஜியம் காட்டியது. எனக்குப் பதற்றமே இல்லை. காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் எட்டே முக்காலுக்கு முடிந்துவிடும் என்று இரண்டாவது படியிலேயே எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஆரம்பித்தேன். செயல்முறையை அட்டையில் செருகிக்கொண்டு ஒருவன் கார் நிறுத்தும் இடத்தில் நின்றால் ஆண்கள் கூடாமல் இருப்பார்களா? அடுக்ககச் சங்கச் செயலாளர் வந்தார். தெலுங்குக்காரர், ஓய்வு பெற்றவர், புதிதாகப் போட்ட தரை ஓடுகளைத் தவிர அவருக்கு இந்த உலகில் வேறு கவலை இல்லை. முதல் மாடி செகந்திராபாத்காரர் வந்தார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழர். மூன்றாவது மாடியிலிருந்து மென்பொருள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு இறங்கினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சாட்சி இல்லாமல் சோதனை செய்வதில் என்ன மரியாதை இருக்கிறது?

அளந்து இரண்டு லிட்டர் ஊற்றினேன். கொஞ்சம் சிந்தியது. செயலாளர் தரையைப் பார்த்துப் பதறினார். காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்றேன், அவர் இன்னும் பதறினார். மாடியைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கையில் கோப்புமாக என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு இறங்கிவந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே கழுவிவிட்டாள்.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கிளம்ப முடியாது என்று திரையில் வந்தது. இன்னொரு முறை திருப்பினேன். அதேதான். எனக்கு வியர்த்தது.

“சென்சார் ப்ராப்ளம்” என்றார் செயலாளர்.

“பேட்டரியக் கழட்டி மாட்டிப் பாக்கலாங்களா?” என்றார் கோயம்புத்தூர்த் தம்பி.

“கேன்ல மிச்சம் இருக்கே. அதையும் ஊத்திப் பாருங்களேன்” என்றாள் என் மனைவி.

“நக்கோம்மா, நக்கோ” என்று செகந்திராபாத்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். “எங்க மச்சான் வண்டியில இப்படித்தான் ஊத்திக்கிட்டே போனான். பூரா பைப் ஜாம் ஆயிடுச்சு. ஹவ், ஆமா, கண்ணால பாத்தேன்.”

நான் என் மனைவி பக்கம் திரும்பினேன். அந்தத் திரும்புதலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. ஒரு முகபாவம் வைத்துக்கொண்டேன். பயிற்சிக்கு வரும் புதுப் பொறியாளர்களிடம் வைத்துக்கொள்வது. “அப்படியெல்லாம் ஊத்திடக் கூடாதும்மா. சோதனை அளவுக்கு என்ன விளைவுன்னு முதல்ல ஆராயணும். காரணம் தெரியாம அளவைக் கூட்டினா அது விஞ்ஞானம் இல்ல” என்றேன். கணிதம் படித்தவளிடம் சொன்னேன் இதை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

பிறகு நாங்கள் நால்வரும் விஞ்ஞானம் செய்தோம். பேட்டரியைக் கழற்றி மாட்டினோம். நீல மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தோம். இருட்டாக இருந்தது என்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கேனில் இருப்பது போலியா என்று செகந்திராபாத்காரர் ஒரு சொட்டு விரலில் தொட்டு முகர்ந்தார். டீசல் வண்டியே வாங்கியிருக்கக் கூடாது என்று செயலாளர் தெலுங்கில் தீர்ப்புச் சொன்னார். மின்சார வண்டி நல்லதா என்று பேச்சு அந்தப் பக்கம் போனது. நானும் அதில் சேர்ந்துகொண்டேன். நடுவில் என் மனைவி ஏதோ சொன்னது போலவும், நான் சரி என்றது போலவும் ஒரு ஞாபகம்.

ஒன்றும் சரிப்படாதபோது கோயம்புத்தூர்த் தம்பி வண்டியின் டிராயரைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த புத்தகத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் புரட்டினார்.

“அண்ணா, குறைஞ்சது அஞ்சு லிட்டர் ஊத்தோணும்னு போட்டிருக்குங்க. அதுக்குக் கீழ ஊத்துனா வண்டிக்கே தெரியாதுங்களாம்.”

செகந்திராபாத்காரர் தன் மச்சானின் வண்டி வேறு மாதிரி என்று முணுமுணுத்தார். மிச்சம் எட்டு லிட்டரையும் ஊற்றினேன். புத்தகத்தில் சொன்னபடி எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துக் காத்திருந்தேன். எழுத்து மறைந்தது. கிளப்பினேன், கிளம்பியது. மூன்று பேரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு படியைத் தவறாக எழுதி ஊரைக் கூட்டியவன் என்பதெல்லாம் அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. இறங்கிச் சுற்றிவந்து இடது பக்கக் கதவை அகலத் திறந்தேன்.

“வா, ஏறு. பாத்தியா?” என்றேன்.

அங்கே யாரும் இல்லை. தூண் ஓரம் காலி சொம்பு இருந்தது. மணி பத்தேகால்.

“அவங்க அப்பவே போய்ட்டாங்க சார்” என்றார் செகந்திராபாத்காரர். “போய்ட்டு வரேன்னு சொன்னாங்க, நீங்க சரின்னீங்க.”

ஒன்றேகால் மணி நேரத்தில் நான் ஒரு முறைகூட அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தாளா, இல்லை என்னால் நேரமாகித் திருப்பி அனுப்பிவிட்டார்களா என்று தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அமீர்பேட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேனே தவிர, வண்டி நகர்ந்தது. மெட்ரோ பாலத்துக்குக் கீழே நான் மூன்று சிக்னலைக் கடப்பதற்குள் தலைக்கு மேலே எத்தனையோ ரயில்கள் போயின. அமீர்பேட்டில் வண்டி நிறுத்த இடம் தேடி அதே தெருவை நான்கு முறை சுற்றியபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. “வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க எங்க?”

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள். புடவை அப்படியேதான் இருந்தது, கசங்கவில்லை.

“எப்படி இருந்துச்சு?”

“அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு. “முதல் நாள் நான் கொண்டு விடுறேன். இப்ப வண்டி பக்காவா இருக்கு” என்றேன்.

“வேணாங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள். “காலையில தண்ணி கொண்டாரும்போதுகூட முதல் கணக்கே ஞாபகத்துக்கு வரல. ஆட்டோல ஏறினதும் எல்லாம் வரிசையா வந்துடுச்சு. நீங்க வந்திருந்தா கதவுக்கு வெளிய உக்காந்திருப்பீங்க. நானும் உங்க காதுல விழுதேன்னுதான் கணக்குப் போட்டிருப்பேன். வகுப்ப நல்லா எடுத்திருக்கவே மாட்டேன். வண்டி கிளம்பாததே நல்லதாப் போச்சு.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதினான்கு வருடமாக அவளுக்கு நான் துணை என்று நினைத்துக்கொண்டிருந்தவன், ரசத்தைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வலித்தது. அவள் சொன்னது சரி என்பதால் அதிகம் வலித்தது.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸுக்காக நான் கேட்டில் நின்றேன். அவள் எனக்கு முன்னால் வெளியே வந்து, ஒரு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, இரண்டு பேருக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆட்டோ போய்விட்டது. செயலாளர் அதைப் பார்த்துக்கொண்டே பால் பாக்கெட்டோடு பக்கத்தில் வந்தார். வண்டி மறுபடி பழுதா, அம்மா ஆட்டோவில் போகிறாரே என்று தெலுங்கில் விசாரித்தார்.

இல்லை, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.