வெயில் கவிதையைக் கேட்ட பெரியப்பா

கோடையைப் பற்றிப் பள்ளியில் கவிதை எழுதி வரச் சொன்னார்களாம். மகள் எழுதிவிட்டாள். வீட்டு விஷயம் ஏதாவது அதில் வந்திருக்கிறதா என்று நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டேன். இப்படித் துருவுவது தவறோ என்றும் உறுத்துகிறது. ஆனால் அவள் வயதில் நானும் ஒரு கவிதை எழுதினேன்.

பாகூர்ப் பக்கம் எங்கள் கரும்பும் பெரியப்பாவின் கரும்பும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் போர்வெல் ஒன்றுதான். ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் எங்கள் முறை. அந்த ஆண்டு கத்திரி கழிந்தும் வெயில் இறங்கவில்லை. பகல் நகராமல் கிடந்தது. தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. பெரியப்பா முறையன்று, அவர் சாப்பிட்டுப் படுத்ததும் அப்பா மண்வெட்டியோடு கிளம்புவார். மோர்ச் செம்போடு நானும் போவேன். மடையை எங்கள் பக்கம் திருப்பி, அவர் எழுவதற்குள் பழையபடி அடைத்துவிட்டு வருவோம். அதையும் வெயில்கால வேலைகளில் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி எழுதியிருக்க? படி, கேப்போம்."

நின்று, கைகட்டிப் படித்தேன்.

காக்கா கூட வாய் திறக்காது,
நிழல் காலடியில் சுருண்டு தூங்கும்,
ஊரே தூங்கும் உச்சி வெயிலில்
எங்கள் கரும்பு மட்டும் தண்ணீர் குடிக்கும்.

விசிறிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. கடைசி வரியை இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னார் பெரியப்பா. உற்சாகமாக, உரக்கப் படித்தேன்.

"தெனமுமா குடிக்கும்?"

"இல்ல பெரியப்பா, ஒங்க மொற அன்னிக்கி மட்டுந்தான்."

நல்லா இருக்கு என்று என் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து போனார். டீ பாதி மிச்சமிருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. இனிமேல் காக்காவைப் பற்றி மட்டும் எழுதும்மா என்றார்.

அடுத்த முறையன்று பெரியப்பா கட்டிலைத் தூக்கிவந்து மடையோரம் போட்டுக்கொண்டார். கண்ணை மூடவே இல்லை. என் கவிதையைக் கேட்டுத்தான் உச்சி வெயிலைப் பார்க்கும் ஆசை அவருக்கும் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். அவருக்கும் மோர் கொண்டுபோனேன்.

"ஒங்கப்பன் இன்னாடி பண்றான்?"

"வூட்ல படுத்துனு இருக்காரு."

உண்மைதான். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

பத்து நாளில் எங்கள் கரும்பு ஓரத்திலிருந்து மஞ்சளாகத் தொடங்கியது. வெயில் பட்டு அது மின்னுவதைப் பார்த்து நோட்டைத் திறந்து, எங்கள் வயல் தங்கமாக மாறுகிறது என்று அடுத்த கவிதையை ஆரம்பித்தேன்.