கூட்டினால் எட்டு வரும் கார்

கார் விற்கிற தொழிலில், பிள்ளைகளுக்கு முதல் கார் விற்பதைப்போல் தலையிடி வேறில்லை. ஓட்டப்போவது ஒரு ஆள், வாங்க வருவது ஒரு குடும்பம். லண்டன் கிங்ஸ்பரியில் பழைய கார் விற்கிற சின்ன யார்ட் ஒன்று போட்டு 2009 இல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இதே தொழிலில் மாரடிக்கிறவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

ஏலத்தில் அடித்த அதிர்ஷ்டம்

ஜேர்மனியிலிருந்து வந்து யார்ட் திறந்த புதிது. ஏலத்தில் ஒரு சிவப்புக் கார் வந்தது. சின்ன எஞ்சின், கீறல் இல்லை, பார்த்தால் சிரிக்கத் தோன்றும். சுற்றி நின்ற நம்மவர் ஒருவரும் கையை உயர்த்தவில்லை. இவர்களுக்குக் கண் தெரியாதோ என்று நினைத்து நானே எடுத்து வந்தேன்.

இந்த நாட்டு நம்பர் பிளேட்டில் இருக்கும் இரண்டு இலக்கமும் கார் எப்போது பதியப்பட்டது என்று காட்டும். 2003 கடைசியில் பதிந்த கார் எல்லாவற்றுக்கும் 53. என் காருக்கும் அதுதான். கூட்டினால் எட்டு, எட்டென்றால் சனி. எங்கள் ஆட்கள் அந்தக் கார்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். யார்டில் என்னோடு வேலைசெய்யும் மெக்கானிக் சிவம், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, ஜேர்மனியில அஞ்சும் மூண்டும் எத்தினை?"

ஸ்பீக்கர் பரிசோதனை

பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் மூன்று நண்பர்களோடு வந்தான். நால்வரும் சிவப்புக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் போட்டார்கள். கண்ணாடி அதிர்ந்தது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பொனற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டச் சொல்லி ஒருவனும் கேட்கவில்லை.

இந்த வயதில் பெரிய எஞ்சின் எடுத்தால் இன்சூரன்ஸ்காரன் தோலை உரித்துவிடுவான், இந்தச் சின்ன எஞ்சின்தான் உனக்கு நல்லது என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஓம் அங்கிள், எஞ்சின் சின்னனா இருக்கட்டும். சத்தம் பெரிசா வருமா?"

பிள்ளைக்குத்தான் கார்

ஒரு சனிக்கிழமை மீன் கடைத் தவராசா அண்ணை, மனைவியோடும் மகள் அபியோடும் வந்தார். அபி நர்சிங் படிக்கிற பிள்ளை. ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு ஷிப்ட். தகப்பன் மீன் எடுக்கப் போகிற வேனில்தான் அவளையும் கொண்டுபோய் இறக்குகிறார். "அங்கிள், நான் வார்டுக்குள்ள போக முன்னமே மீன் மணம் போகுது. பேஷன்ட்ஸ் எல்லாம் இண்டைக்கு லஞ்ச் ஃபிஷ்ஷா எண்டு கேக்கினம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் கலங்கியிருந்தது.

சிவப்புக் காரைக் கண்டதும் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து பேர் நெருக்கி இருக்கலாம் என்றேன். தவராசா அண்ணை பின் சீற்றைக் கையால் அளந்தார். குடும்பத்தோடு போகிற கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். "தம்பி, பிள்ளைக்குத்தான் கார். ஆனா ஏழு பேர் இருக்கோணும்."

சுவிஸிலிருந்து வந்த தீர்ப்பு

ஏழு பேரை ஒருவழியாகப் பேசி ஐந்தாக இறக்கினேன். அடுத்து, சுவிஸில் இருக்கிற மச்சானைக் கேட்காமல் தவராசா அண்ணை ஒன்றும் வாங்குவதில்லையாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஃபோனைப் பொனற்றுக்குள் பிடித்தார். மச்சானுக்கு எஞ்சினில் இருமல் கேட்டதாம். அது தெருவில் போன பஸ் என்று நிரூபிக்க, அடுத்த பஸ் வரும்வரை எல்லோரும் காத்து நின்றோம்.

இருமல் போனது. நம்பர் என்னவென்று மச்சான் கேட்டார். தவராசா அண்ணை வாசித்தார். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தார்கள், எட்டு. அபி காரைவிட்டு இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஃபோனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். தவராசா அண்ணையோ மிகத் தன்மையாகச் சொன்னார்: "காரில ஒரு பிழையும் இல்லை, தம்பி. வேற நம்பர் போட்டுத் தர ஏலுமே?"

ராசியான வேன்

நம்பர் மாற்றலாம்தான், ஆனால் நல்ல நம்பருக்குக் கேட்கிற விலையில் இன்னொரு கார் எடுக்கலாம் என்றேன். "என்ர வேனைப் பாருங்கோ, அம்பத்தி நாலு. கூட்டினா ஒன்பது, ராசி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை. உள்ளே வேன் நிறைய மீன், வெளியே ஜூலை வெயில்.

சிவம் ஜம்ப் லீட் வயரைக் கொண்டுவந்தான். அபி என்னிடம் சாவியை வாங்கி, சிவப்புக் காரை வேனுக்கு முன்னால் மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினாள். பற்றரிக்குப் பற்றரி கொடுத்ததும் வேன் ஒரு உறுமலோடு எழும்பியது. அதுவரை கைப்பையோடு ஒதுங்கி நின்ற தாய், "எட்டு வந்தெல்லோ உங்கட ஒன்பதை எழுப்பினது. இனி என்னத்தையப்பா கூட்டப்போறியள்?" என்றார். அபி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தவராசா அண்ணை கொஞ்ச நேரம் வேனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு சிவப்புக் காரின் முன்னால் குந்தியிருந்து, நம்பர் பிளேட்டில் இருந்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் வைத்து விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்து எழும்பியபோது முகம் மலர்ந்திருந்தது. "ஆறு வருது, நல்ல நம்பர். எழுத்தையும் சேர்த்துத்தான் கூட்டோணும், தம்பி. கார் விக்கிற உங்களுக்கு இதுகூடத் தெரியாதே?"

இப்போதெல்லாம் நான் ஏலத்துக்குப் போனால், நம்பரை எழுத்தோடு ஒருமுறையும் எழுத்தில்லாமல் ஒருமுறையும் கூட்டிப் பார்த்த பிறகு, நேரம் மிஞ்சினால்தான் எஞ்சினைப் பார்க்கிறேன்.