குழலுக்கு ஏற்ற குண்டு

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தவள் நான். கட்டியதோ, துவக்கை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரும் ஆளை. என் கணவர் கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை. அவர் நேரில் பார்த்த ஒரே சண்டை, ஹரிஸ் பார்க் சாப்பாட்டுக் கடை வாசலில் மேசைக்காகக் காத்திருந்த இரண்டு குடும்பங்கள் போட்டது. அதனால்தானோ என்னவோ, பழைய ராணுவ ரைபிள் என்றால் அவருக்கு அப்படியொரு பக்தி.

லைசன்ஸ் எடுத்தார், கிளப்பில் சேர்ந்தார், உலகப் போர்க் காலத்து ரைபிள் ஒன்றை வாங்கினார். குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக் கராஜில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், அதற்கென்று ஓர் இரும்புப் பெட்டகமும் வந்து இறங்கியது. இந்தச் சனியன் வீட்டில் வேண்டாம் என்றேன்.

"வருஷக் கடைசியில கிளப்ல போட்டி இருக்கும்மா. நான் சுடுறது அத்தனையும் கறுப்பு வட்டத்துக்குள்ள விழலேன்னா வித்துடறேன்," என்றார்.

நான் ஓம் என்றேன். இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே அவர் கார் நிறுத்துகிற அழகை அறிந்தவள் என்பதால் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது.

கடையில் விற்கும் தோட்டா அவருக்குச் சரிவராது. வெற்றுப் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைப் போட்டு, மேலே ஈயக் குண்டைப் பொருத்தி, தானே தயாரிப்பார். குசினியில் உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், கராஜில் நகைக்கடைக்காரர் மாதிரி மருந்தை நிறுப்பார். ஆனால் குண்டின் பருமனை மட்டும் ரைபிளின் கையேட்டைப் பார்த்து வாங்கினார். பழைய குழல் தேய்ந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, முதலில் உன் குழலை அளந்து பார் என்று கிளப்பின் வெள்ளைக்காரக் கிழவர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஸ்பெக்லயே போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு அளக்கணும்?" என்பார் இவர்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பிறந்ததற்கு, படித்ததற்கு, கட்டியதற்கு என்று எல்லாவற்றுக்கும் பத்திரம் காட்டி இந்த நாட்டுக்குள் வந்தவர்கள் நாங்கள். பேப்பரில் இருப்பது பிழையாக இருக்கும் என்று எங்களை நம்பவைக்க ஆண்டவனே இறங்கி வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்ட காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து ஆராய்ச்சி நடக்கும். வட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் ஓட்டை. காற்று சரியில்லை, கண்ணாடி சரியில்லை, காலையில் நான் கொடுத்த இட்லி சரியில்லை. நான் வாயே திறக்கவில்லை. துவக்கு போய்விடும் என்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, பெருமை தாங்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா, எவ்வளவு பெருசா கிழிச்சிருக்குன்னு. பவர் ஜாஸ்தி."

பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் பேரீச்சங்கொட்டை நீளத்துக்குக் கிழிந்திருந்தன. பேசாமல் இருந்திருந்தால் பெட்டகம் காலியாகியிருக்கும். ஆனால் அந்தப் 'பவர்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, அது பவர் இல்லை," என்றேன். "குண்டு நேர போகேல்ல. புரண்டு, பக்கவாட்டில போய் அடிச்சிருக்கு. எங்கட வீட்டுக் கதவில இப்பிடி ஒண்டு இருந்தது. மற்றதெல்லாம் வட்டம், அது மட்டும் நீளம்."

அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

"அப்போ குண்டு லூஸு. குழல்ல பிடிப்பே இல்ல, அதான் புரளுது," என்றபடி கதிரையைத் தள்ளிவிட்டுக் கராஜுக்கு ஓடினார்.

எண்ணெய் பூசிய மிருதுவான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டித் தட்டி மறுபக்கம் வரை தள்ளினார். வெளியே வந்ததை அளந்தால், குழல் கையேட்டில் இருந்த அளவைவிட மயிரிழை பெரிது. அதற்கேற்ற பருமனில் புதுக் குண்டுகள் வந்தன. போட்டியில் சுட்டது அத்தனையும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. துவக்கு வீட்டில் நின்றுவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்.

வெற்றியைக் கொண்டாட அவருடைய நண்பர்களை மனைவிமாரோடு அழைத்தார். இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தேன். போட்டிக் காகிதமும் நீளமாய்க் கிழிந்த பழைய காகிதமும் கைக்குக் கை போயின. குண்டில்தான் பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒருவர் கேட்டார்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? இவதான். ஊர்ல இவங்க வீட்டுக் கதவுல இதே மாதிரி ஓட்டை இருந்துச்சாம். யாழ்ப்பாணத்துப் பொண்ணு இல்லையா, இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நண்பரின் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அன்றுதான் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்.

"அந்தக் குண்டு கதவைத் துளைச்சிட்டு உள்ள வந்துச்சாங்க?" என்று கேட்டார்.

"ஓம். கதவுக்குப் பின்னால அம்மா நிண்டவ," என்றேன்.

அம்மா சண்டையில் போனது என் கணவருக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை.

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றார், குரல் இறங்கி.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கவில்லை.

"சொல்லத்தான் தொடங்கினனான்," என்றேன். "நீங்கள் குழலை அளக்க எழும்பி ஓடிட்டீங்கள்."